ஸ்டார்ட் ஆகாத பைக்கில் தொடங்கிய வாழ்க்கை: ஜி.டி.நாயுடுவின் 2,000 ரூபாய் கார் ஏன் ரோட்டுக்கே வரவில்லை?

கோவை அவிநாசி சாலையில் தினமும் ஆபீஸ் போய் வருபவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு முன்பு வரை சிக்னல்தான் பெரிய தலைவலி. இப்போது கோல்டுவின்ஸில் ஏறினால் உப்பிலிபாளையத்தில் இறங்கிவிடலாம். 10.1 கி.மீ. நீளமுள்ள அந்த மேம்பாலம் 2025 அக்டோபர் 9-ம் தேதி திறக்கப்பட்டது. அதற்கு வைக்கப்பட்ட பெயர் ஜி.டி.நாயுடு. மாதவன் நடிப்பில் அவரது வாழ்க்கை சினிமாவாகவும் எடுக்கப்படுகிறது.

பெயர் எல்லோருக்கும் தெரியும். 'இந்தியாவின் எடிசன்' என்ற பட்டமும் தெரியும். அதற்கு மேல் கேட்டால், ஏதோ ரேசர் கண்டுபிடிச்சாராமே, ஹிட்லரை நேரில் பார்த்தாராமே என்பதோடு பேச்சு நின்றுவிடும். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஒருவர் இவ்வளவையும் எப்படிக் கற்றுக்கொண்டார்? 1952-லேயே 2,000 ரூபாய்க்கு கார் கொடுக்க முடியும் என்று செய்து காட்டியவரின் வண்டி ஏன் விற்பனைக்கு வரவில்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தேடினால், நடுவழியில் நின்றுபோன ஒரு மோட்டார் சைக்கிளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

வழியில் நின்ற வண்டி

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23. ஊர், சூலூரை அடுத்த கலங்கல். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். லட்சுமிநாயக்கன்பாளையத்தில் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவே இல்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடியது உட்பட, அவரது பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகள் எல்லாமே ஒரே மாதிரிதான் முடிகின்றன. படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. பிறகு தோட்ட வேலை. ராத்திரியில் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை தானாகவே உட்கார்ந்து வாசிப்பது பழக்கமானது.

அந்தக் காலத்தில்தான் அது நடந்தது. நில அளவை வேலையாக வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி கிராமத்துப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வருகிறார். வண்டி மக்கர் செய்து நிற்கிறது. இறங்கி, ஏதேதோ பாகங்களைக் கழற்றி, மண்ணெண்ணெய் வாங்கித் துடைத்து, திரும்ப மாட்டி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார். மண்ணெண்ணெய் கொண்டுவந்து கொடுத்த பையன் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். நாயுடுவின் வாழ்க்கையைச் சொல்லும் யாரும் இந்தக் காட்சியை விடுவதில்லை.

வண்டி ஓடியதைப் பார்த்து ஆசைப்படுவது சகஜம். இந்தப் பையனை இழுத்தது நின்ற வண்டி. எது கெட்டது, எதைத் துடைத்ததும் சரியானது என்பதுதான் அவன் மண்டைக்குள் ஓடியிருக்க வேண்டும். அந்த மாதிரி ஒரு வண்டியை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று கோவைக்குக் கிளம்பினார். ஓட்டலில் சர்வர் வேலை. சில வருஷம் பொறுமையாகக் காசு சேர்த்து, 300 ரூபாய்க்கு ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கினார். 1912-ம் வருஷ மாடல். அன்றைய 300 ரூபாய் என்பது ஒரு சர்வருக்கு கனவில் வரக்கூடிய தொகை.

வாங்கியவுடன் அவர் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. வண்டியை மொத்தமாகக் கழற்றிப் போட்டார். பிறகு மாட்டினார். மறுபடி கழற்றினார்.

மேக்னெட்டோவுக்குள் என்ன இருக்கிறது?

ரட்ஜ் என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி. சைக்கிள் தயாரித்துப் பேர் வாங்கிவிட்டு, 1911 வாக்கில்தான் மோட்டார் சைக்கிள் சந்தைக்கு வந்தது. ஒரே சிலிண்டர், பின் சக்கரத்துக்கு பெல்ட், மூன்றரை குதிரைசக்தி. இன்றைய வண்டியில் இருக்கும் பேட்டரி, செல்ஃப் ஸ்டார்ட், சென்சார் எதுவுமே அதில் கிடையாது. அப்படியானால் பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி எங்கிருந்து வந்தது?

அதற்குத்தான் மேக்னெட்டோ. குதிரை லாட வடிவக் காந்தம், அதன் நடுவே செம்புக் கம்பி சுற்றிய ஓர் உருளை. இன்ஜின் சுழலும்போது உருளையும் சுழலும். தடித்த கம்பிச் சுற்றில் மின்சாரம் உண்டாகும். சரியான நொடியில் 'பாயின்ட்' என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் இரண்டு சின்ன உலோக முனைகள் பிரியும். அந்த மின்சாரம் சட்டென்று அறுபடும்போது, மேலே ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றியிருக்கும் மெல்லிய கம்பியில் பல ஆயிரம் வோல்ட் எழும். அது ஸ்பார்க் பிளக்கின் முனையில் அரை மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. டப்! இன்ஜின் ஓடுகிறது.

பிரச்னை என்னவென்றால், இந்தச் சங்கிலியில் எந்த ஒரு கண்ணி கெட்டாலும் வெளியே தெரிவது ஒரே அறிகுறிதான்: வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றும் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்று உண்டு. முதலில் பெட்ரோல் வருகிறதா என்று பார்ப்பது. பிறகு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு சேர்த்து சிலிண்டர் தலையில் சாய்த்து வைத்து, இன்ஜினைச் சுற்றிப் பார்ப்பது. நீல நிறத்தில் 'டிக்' என்று பொறி வந்தால் மேக்னெட்டோ மேல் குற்றமில்லை. மஞ்சளாக, சோகையாக வந்தால் பலவீனம். வரவே இல்லை என்றால் பிளக்கை மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் பாயின்ட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அதன் இடைவெளி மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒரு துளி எண்ணெய் படிந்தாலே போதும், வேலை நிற்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணிக்கு அங்கேதான் வேலை.

இதில் ஆளை அலைக்கழிக்கும் கோளாறு வேறு ஒன்று. காலையில் ஒரே முயற்சியில் கிளம்பும் வண்டி, 10 கி.மீ. ஓடி இன்ஜின் சூடானதும் நின்றுவிடும். ஆறினால் மறுபடி ஓடும். பெட்ரோல், பிளக், பாயின்ட் எல்லாம் சரியாக இருக்கும். உள்ளே கம்பிச் சுற்றின் மேல் பூசிய காப்பு அரக்கு சூட்டில் இளகி, மின்சாரம் வழியிலேயே கசிந்துகொண்டிருக்கும். அல்லது கன்டென்சர் போயிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. இது போதாது என்று டைமிங் வேறு. அந்தக் காலத்து பைக்குகளில் பொறி எப்போது விழ வேண்டும் என்பதை ஹேண்டில்பாரில் உள்ள ஒரு நெம்புகோலை நகர்த்தி ஓட்டுபவரே முடிவு செய்வார். ஸ்டார்ட் செய்யும்போது தாமதமாக வைக்க வேண்டும், வேகம் எடுத்ததும் முன்னே தள்ள வேண்டும். மறந்தால் இன்ஜின் பின்பக்கமாக உதைக்கும்.

இதையெல்லாம் கற்றுக்கொடுக்க அன்றைக்குக் கோவையில் ஐடிஐ இல்லை, யூடியூப் இல்லை. ஒரு தப்பு நடந்தால் எதனால் நடந்திருக்கலாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போகும் மூளையை நாயுடுவுக்குக் கொடுத்தது அந்த ரட்ஜ்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். காரணம், அதற்குப் பிறகு அவர் தொட்ட ஒவ்வொரு விஷயத்திலும் அதே முறை தெரிகிறது.

பொள்ளாச்சி டு பழனி

நடுவில் பருத்தி வியாபாரத்திலும் இறங்கினார். முதல் உலகப் போர் சமயத்தில் திருப்பூரில் பஞ்சு அரைவை ஆலை. நல்ல லாபம். அந்தக் காசோடு பம்பாய் பருத்திச் சந்தைக்குப் போனார். மொத்தத்தையும் விட்டுவிட்டுத் திரும்பினார். இயந்திரத்தைப் படித்த அளவுக்குச் சந்தையை அவர் படிக்கவில்லை. பின்னாலும் இதே விஷயம் வேறு ரூபத்தில் அவரைத் தொந்தரவு செய்தது.

கைகொடுத்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கோவையில் பள்ளி, ஆலை, காபி வியாபாரம் என்று ஸ்டேன்ஸ் பெயர் இல்லாத இடமே அன்றைக்கு இல்லை. அவரது உதவியோடு 1920-ல் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். ஓட்டினார் என்றால் நிஜமாகவே ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் அவரேதான்.

ரூட் தேர்வே புத்திசாலித்தனமானது. ஒரு முனையில் பொள்ளாச்சிச் சந்தை, மறு முனையில் கொங்கு நாடே திரண்டு போகும் முருகன் கோயில். நடுவில் உடுமலை. சுமார் 60 கி.மீ. பயணிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் எதற்கு என்றால் மெக்கானிக்குகளுக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மழைக்காற்று பொள்ளாச்சிப் பக்கம் சும்மா விடாது. ஈரம் பட்டாலே தீப்பொறி ஒயரை விட்டு வேறு வழி தேடும் காலம் அது. வண்டி நடுவழியில் நின்றால், டிரைவரே மெக்கானிக்காக இருந்தால்தான் பயணிகள் ஊர் போய்ச் சேர முடியும்.

சில வருஷங்களில் அந்த ஒரு பஸ், யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. 200-க்கும் அதிகமான பஸ்கள். அன்றைக்கு இந்தியாவிலேயே மிக ஒழுங்காக நடந்த பஸ் நிறுவனங்களில் ஒன்று என்று பேர் வாங்கியது. குறித்த நேரத்துக்கு வண்டி, டிக்கெட் கொடுக்க இயந்திரம் என்று அங்கே நடந்த பல விஷயங்கள் மற்ற ஊர்களுக்குப் புதுசு. நாயுடுவின் பெயரில் சொல்லப்படும் கருவிகளில் இரண்டு குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை. ஒன்று, ஓடும் இன்ஜினின் அதிர்வைச் சோதிப்பது. இன்னொன்று, உலோகப் பாகத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் கண்டுபிடிப்பது. ரேசரும் ஓட்டுப் பதிவு இயந்திரமும் அளவுக்கு இவை பிரபலம் ஆகவில்லை. ஆனால் வண்டி நிற்பதற்கு முன்பே கோளாறைப் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பு, நூற்றுக்கணக்கான பஸ்களை ரோட்டில் வைத்திருக்கும் ஒருவருக்குத்தான் வரும்.

'எடிசன்' என்ற பட்டம் சரிதானா?

கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. ஆய்வகம் கட்டி, ஆட்களை வைத்து, காப்புரிமை குவித்தவர் எடிசன். நாயுடு அந்த ரகம் இல்லை. வெளிநாட்டில் இருந்து வரும் ஒரு பொருளைப் பிரித்துப் பார்த்து, இதை இங்கேயே, இன்னும் குறைந்த விலையில் செய்ய முடியாதா என்று கேட்பதுதான் அவரது பாணி. அவரது பெயரில் நிற்கும் பொருட்களின் பட்டியலே அதைச் சொல்கிறது. மெல்லிய ஷேவிங் பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, கேமராவில் தூரத்தைச் சரிசெய்யும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. எதுவும் புது விஞ்ஞானம் இல்லை. எல்லாமே ஒரு நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய பொருள்.

இதில் மிகப் பெரியது 1937-ல் வந்தது. டி.பாலசுந்தரத்துடன் சேர்ந்து பீளமேட்டில் நடத்திய நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் மின் மோட்டார் தயாரானது. இந்தியாவிலேயே உருவான முதல் மின் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். ஏன் கோவையில்? 1932-ல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் உற்பத்தியைத் தொடங்கி, மின்சாரம் மலையிறங்கி வந்திருந்தது. பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. கிணறு ஆழமாகிக்கொண்டே போன கொங்கு விவசாயிக்கு ஏற்றத்துக்குப் பதில் பம்ப் தேவைப்பட்டது. மோட்டார் எல்லாம் இறக்குமதி. அந்த இடைவெளியில் தான் கோவையின் மோட்டார், பம்ப்செட் தொழில் வேர் பிடித்தது. பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் நிறுவனத்தைக் கட்டி எழுப்பினார். இன்று கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்து பாருங்கள், லேத் சத்தம் கேட்காமல் வெளியே வர முடியாது.

ஜெர்மனிக்குப் போனது

ஊர் சுற்றுவதில் நாயுடுவுக்கு அலாதி ஆர்வம். கையில் எப்போதும் கேமரா. 1936 ஜனவரியில் லண்டனில் நடந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் பிடித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஹிட்லரையும். உள்ளூரில் காந்தி, நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரும் அவரது கேமராவில் விழுந்தவர்கள். அந்த வருஷங்களில் மாகாணத் தேர்தலில் நின்று தோற்றதையும் சொல்லிவிட வேண்டும். தேர்தல் அவருக்குப் பிடிபடாத இன்னொரு இயந்திரம்.

'ரசந்த்' எலக்ட்ரிக் ரேசர் கதையும் ஜெர்மனியில்தான். உலர் பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த அந்த ரேசர் தயாரானது ஹைல்பிரான் நகரில். ஆட்டோமொபைல் ஆர்வலர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: ஹைல்பிரானுக்குச் சில கிலோமீட்டர் பக்கத்தில் இருக்கும் ஊர் நெக்கார்சுல்ம். பிஸ்டனே இல்லாமல், முக்கோண வடிவ ரோட்டர் சுழன்று ஓடும் வாங்கல் ரோட்டரி இன்ஜின் 1957-ல் முதலில் ஓடியது அங்கிருந்த என்.எஸ்.யு. தொழிற்சாலையில். பின்னால் அதை ஸ்போர்ட்ஸ் காரில் வைத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஜப்பானின் மாஸ்டா. ஒரு ரோட்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக், இரண்டும் வேறு வேறு நேரத்தில் எரிய வேண்டும் என்பதால், பழைய ரோட்டரி கார் வைத்திருப்பவர்களின் இக்னிஷன் தலைவலியும் டபுள். கையில் கிடைத்திருந்தால் நாயுடு அதையும் கழற்றாமல் விட்டிருக்க மாட்டார்.

நாலு வருஷம் எதுக்கு?

கோவையில் பொறியியல் படித்தவர்களில் பலருக்கே தெரியாத விஷயம் இது. தடாகம் சாலையில் இருக்கும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது நம்ம ஜி.சி.டி., 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய கல்லூரியின் தொடர்ச்சி. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர். கல்லூரிக்கும் அதோடு தொடங்கிய பாலிடெக்னிக்குக்கும் நன்கொடை கொடுத்து, முன்னின்று உருவாக்கியவர் நாயுடு. முதல்வர் நாற்காலியிலும் அவரே உட்கார்ந்தார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாதவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! இன்றைக்கு எந்த விதிமுறையும் இதை அனுமதிக்காது.

ஆனால் அது நீடிக்கவில்லை. பொறியியலுக்கு நாலு வருஷம் என்பது இளைஞர்களின் நேரத்தை வீணாக்குவது என்று அவர் வாதாடினார். மாணவன் முதலில் கை அழுக்காக வேலை செய்ய வேண்டும். கோட்பாடு அதோடு சேர்ந்து வர வேண்டும். அதற்கு இவ்வளவு காலம் தேவையில்லை என்பது அவர் கட்சி. அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். பிறகு தொழிலாளர் நல அமைப்பு ஒன்றைத் தொடங்கி, ரேடியோ, ஆட்டோமொபைல் என்று குறுகிய காலப் பயிற்சிகளை நடத்தினார். அதன் வழி வந்ததுதான் இப்போதைய ஜி.டி.நாயுடு அறக்கட்டளை.

அவர் சொன்னது முழுக்க சரியா? ஒரு மேக்னெட்டோவைச் சரிசெய்ய ஆறு வாரம் போதும். அதை வடிவமைக்க ஆறு வாரம் போதாது. காந்தப்புலமும் கணிதமும் கழற்றிப் பார்த்து வருவதில்லை. தனக்கு வாய்த்த வழி எல்லோருக்கும் வாய்க்கும் என்று அவர் நம்பியதாகத்தான் தோன்றுகிறது. அதே சமயம், டிகிரி வாங்கி வெளியே வந்து, முதல் வேலையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாமல் முழிக்கும் எத்தனையோ பேரை நினைத்தால், 80 வருஷத்துக்கு முன்பே அவர் போட்ட சண்டையை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது.

சரி, அந்தக் கார் என்ன ஆச்சு?

காருக்கு முன்னால் ரேடியோவில் ஒரு ஒத்திகை நடந்தது. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தன்னால் தயாரித்துக் கொடுக்க முடியும் என்று நாயுடு அறிவித்தார். ரேடியோ என்பது பணக்கார வீட்டு ஹாலில் இருக்கும் பொருள் அன்றைக்கு.

1952-ல் கார் வந்தது. இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோல் இன்ஜின். விலை 2,000 ரூபாய். வெறும் பேச்சு இல்லை, வண்டியே உருவாகி நின்றது. ஆனால் அதைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்க அரசின் லைசென்ஸ் வேண்டும். அது கிடைக்கவில்லை. கதை அங்கேயே முடிந்தது.

ஏன் கிடைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அந்த வருஷத்தைப் பார்க்க வேண்டும். 1951-ம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1952 மே மாதத்தில்தான். எந்தப் பெரிய தொழிலையும் யார் தொடங்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும் காலம் தொடங்கியிருந்தது. கார் தொழிலில் இடம் மிகச் சிலருக்குத்தான். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. இங்கே பாகங்களை மாட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டுமே அடுத்த இரண்டு ஆண்டுகளில் மூட்டை கட்டின. அப்படி ஒரு சூழலில் பீளமேட்டில் இருந்து ஒரு தனி மனிதர் கார் செய்கிறேன் என்று வந்து நின்றால் என்ன பதில் கிடைக்கும்?

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அந்நியச் செலாவணி கையிருப்பு குறைவு. காரை விட டிராக்டரும் லாரியும் முக்கியம் என்ற வாதம் இருந்தது. ஒரு மாதிரி வண்டியைச் செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் தயாரிப்பது வேறு. இக்னிஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் செய்ய பெங்களூருவில் மைக்கோ நிறுவனம் பதிவானதே 1951-ல்தான். வண்டிகளுக்கான மின் சாதனங்கள் தயாரிக்க சென்னையில் லூகாஸ் டிவிஎஸ் வந்தது 1961-ல். ஆக, 1952-ல் ஒரு காரை எவ்வளவு சுதேசியாகச் செய்தாலும், அதைக் கிளப்பும் பொறிக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருக்க வேண்டியிருந்திருக்கும். 2,000 ரூபாய் என்ற விலை உற்பத்தியிலும் நின்றிருக்குமா என்பது நியாயமான சந்தேகம்.

ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி, செய்ய விட்டுப் பார்ப்பது. தோற்றிருந்தால் நஷ்டம் நாயுடுவோடு போயிருக்கும். அந்த நஷ்டத்தைத் தாங்கும் வசதியும் பம்பாயில் பட்ட அனுபவமும் அவருக்கு இருந்தன. ஜெயித்திருந்தால் வார்ப்படம், கியர், டைனமோ, ஒயரிங் என்று அதைச் சுற்றி நூறு பட்டறைகள் வந்திருக்கும். மோட்டார் விஷயத்தில் கோவையில் நடந்தது அதுதான். 1937-ல் மோட்டார் செய்ய அவர் டெல்லியிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்ளலாம்.

வண்டி நின்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பெட்ரோல் இருந்தது, பொறி இருந்தது, டைமிங்கும் சரியாக இருந்தது. இந்த முறை கோளாறு இன்ஜினுக்கு வெளியே இருந்ததால் அவர் கையில் இருந்த ஸ்பேனர் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

அதற்குப் பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பருத்தி, மக்காச்சோளம், பப்பாளி என்று விவசாயத்தில் புது ரகங்களைத் தேடி இறங்கினார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவரது தோட்டத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். அவிநாசி சாலையில் தொழில் கண்காட்சி வைத்தார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் பஸ் பிடித்து அதைப் பார்க்க வருகிறார்கள். அதே சாலையில் அவரது குடும்பத்தார் 2015-ல் ஒரு கார் மியூசியமும் திறந்தார்கள்.

1974 ஜனவரி 4-ம் தேதி, 80 வயதில் ஜி.டி.நாயுடு காலமானார். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சின்னக் கார் என்று இந்தியா கொண்டாடிய மாருதி 800 ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பரில். அதன் விலை 50,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அதைத் தயாரித்த கம்பெனியின் பெரும்பங்கு முதலாளி, மத்திய அரசு.